செக்காலைக்கு ஒரு வெப்சைட்: இழுத்து வைப்பதா, எழுதி வைப்பதா?

சித்தப்பாவின் செக்காலை காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. அவருடைய விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்த வெப்சைட் முகவரியைப் போன மார்கழியில் ஒருநாள் போனில் தட்டிப் பார்த்தேன். ரம்மி ஆட வா என்று கூப்பிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். ஒரு கட்டத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். காலியாகக் கிடந்த பெயரை எவனோ வாங்கிச் சூதாட்டக் கடை விரித்துவிட்டான். "அப்ப ரெண்டு பெட்டி கார்டும் வீணா கண்ணு?" என்றார் சித்தப்பா. முகவரி போனதைவிட அட்டை போனதுதான் அவருக்கு வலித்தது.

புதுத் தளம் செய்யும் பொறுப்பு இப்படித்தான் என் தலையில் விழுந்தது. அதே சமயத்தில் எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்காரர்களும் ஒரு பென் டிரைவைக் கையில் திணித்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக் கூட்டக் குறிப்புகள், நூல் அறிமுகங்கள், பேச்சுகள் என்று நானூறு சொச்சம் கோப்புகள். "நெட்ல ஏத்திடுங்க" என்பது மட்டும்தான் உத்தரவு.

வேலை இரண்டு, கருவியும் இரண்டு வகை. விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், வெப்ஃப்ளோ மாதிரி, திரையில் பார்த்தபடியே படத்தையும் எழுத்தையும் இழுத்து வைத்துக் கட்டும் பில்டர்கள் ஒரு வகை. வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா மாதிரி சிஎம்எஸ் என்று சொல்லப்படும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் இன்னொரு வகை. இரண்டு தளங்களையும் இரண்டு வகையிலும் கட்டிப் பார்த்துவிடுவது என்று மூன்று மாதம் உட்கார்ந்தேன். பில்டர்களில் நான் எடுத்தது பெயர்பெற்ற ஒன்று. அதோடு நடந்த சண்டையையும் கீழே சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். சிஎம்எஸ்ஸில் வேர்ட்பிரஸ். அதிகம் யோசிக்கவில்லை. உலகத்துத் தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. கோயம்புத்தூரில் எந்தச் சந்தில் கேட்டாலும் அது தெரிந்த ஒருவர் கிடைப்பார். ட்ரூபல் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் ஏற்ற யானை. செக்காலையில் கட்டிப் போட இடமில்லை.

முதல் நாள் மாலை பில்டருக்கே. சந்தேகமே இல்லை. 'உணவு' என்ற பிரிவில் ஏதோ இத்தாலிய ஆலிவ் எண்ணெய்க் கடைக்காக வரைந்த டெம்ப்ளேட் ஒன்று கிடைத்தது. ஆலிவ் கொத்தைத் தூக்கிவிட்டு எங்கள் வாகை மரச் செக்கின் படத்தை வைத்தேன். சித்தி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "அந்தப் படத்த இன்னுங் கொஞ்சம் மேல தள்ளு சாமி. பேரு செக்குக்கு மேல வரட்டும்." தள்ளினேன், வந்தது. "பச்ச வேண்டா, மஞ்சளா இருக்கட்டும்." ஆனது. முகப்பு, எண்ணெய் வகைகள், விலை, எங்களைப் பற்றி, தொடர்பு என்று ஐந்து பக்கமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தன. கணினியைத் தொட்டே பழகாத ஒருவர் தன் கடையின் முகத்தைத் தானே பார்த்துத் திருத்த முடிகிறது என்பதுதான் பில்டரின் மொத்த மாயமும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் வேர்ட்பிரஸ். தளத்தை வைக்க ஹோஸ்டிங் இடம் வாங்கி, டொமைனை அதோடு இணைத்து, மென்பொருளை நிறுவி, பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழ் வரும்வரை காத்திருந்து, தீம் தேடி, அது தானாகப் போட்டு வைத்திருந்த மாதிரிப் பதிவை அழித்து முடிப்பதற்குள் சித்தி எழுந்து போய்ப் பால் கறந்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் திரையில் இன்னும் வெள்ளைப் பக்கம்தான். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸும் பிளாக்குகளாக அடுக்கும் முறைக்கு மாறிவிட்டது. 2022 ஜனவரியில் வந்த 5.9இல் தளத்தின் தலைப்பகுதி, அடிப்பகுதி எல்லாவற்றையும் அப்படியே அடுக்கலாம் என்றார்கள். அடுக்கலாம்தான், ஒன்றன்கீழ் ஒன்றாக. சித்தி சொல்கிற மாதிரி 'இன்னுங் கொஞ்சம் மேல' என்பது அதற்குப் புரியாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் வேறு, டாட் ஆர்க் வேறு. டாட் ஆர்க்கில் கிடைப்பது மென்பொருள். இலவசமாக இறக்கி எந்த ஹோஸ்டிங்கிலும் போட்டுக்கொள்ளலாம். டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் அதே மென்பொருளை வைத்து நடத்தும் வாடகை வீடு. நான் பேசுவது முதலாவதைப் பற்றி. 2003இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கியது அது.

அடுத்தது தமிழ். இரண்டு பக்கமும் இதில் சறுக்கின. டெம்ப்ளேட்டுகளை வரைகிறவர்கள் ஆங்கில எழுத்தை வைத்தே வரைகிறார்கள். தலைப்பு எழுத்து பெரிதாக இருக்கும். வரிக்கும் வரிக்கும் இடைவெளி இருக்காது. ஆங்கிலத்தில் அது அழகு. 'வாரம் முழுதும் / கிடைக்கும்' என்று இரண்டு வரியாகப் போட்டால் மேல்வரி 'ழு'வின் வால் கீழ்வரி எழுத்தின் தலையில் போய் இடிக்கிறது. எழுத்துக்கு எழுத்து இடம்விட்டுப் பரப்பி வைத்திருக்கும் தலைப்பில் தமிழைப் போட்டால் சொல் சொல்லாகவே தெரியாது. போன் திரையில் 'நல்லெண்ணெய்' என்ற ஒற்றைச் சொல்லே ஓரத்தைத் தாண்டி ஓடுகிறது. டெம்ப்ளேட்டின் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் பிரவுசர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம். ஒரே பக்கம் மூன்று வீட்டில் மூன்று முகம் காட்டும். கூகுள் எழுத்துருக்களில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பவனம் என்று நல்லவை இருக்கின்றன. பில்டரின் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. கோப்பாக இறக்கி நானே ஏற்ற வேண்டியிருந்தது. வேர்ட்பிரஸில் தீம் அமைப்பில் தேர்ந்தெடுத்தால் போதும். தமிழில் தளம் வைக்கிறவர் டெம்ப்ளேட்டின் அழகில் மயங்குவதற்கு முன் அதில் ஒரு நீளமான தமிழ்த் தலைப்பைப் போட்டு, போனில் பார்த்துவிட வேண்டும். நான் மயங்கிய பிறகுதான் பார்த்தேன்.

இதுவரை நடந்தது தளத்தைக் கட்டிய கதை. விமர்சனங்கள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். என் சோதனை தொடங்கியது கொப்பரை விலை ஏறிய அன்று.

காலை ஏழு மணிக்கே போன். "ஏங்கண்ணு, தேங்காயெண்ணெய் லிட்டருக்கு இருவது ரூவா ஏத்தோணும். அந்த வெப்சைட்டுல மாத்திரு." இரண்டு நிமிட வேலை என்றுதான் உட்கார்ந்தேன். முகப்பில் படத்துக்குக் கீழே ஒரு விலை. 'வகைகள்' பக்கத்தில் ஒன்று. விலைப்பட்டியலில் அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் டின் என்று மூன்று. மேலே ஓடும் சலுகைப் பட்டையில் ஒன்று. தொடர்புப் பக்கத்தில் வாட்ஸ்ஆப் பொத்தானுக்குப் பக்கத்தில், என் புத்திசாலித்தனத்தில் நானே சேர்த்த ஒன்று. ஏழையும் மாற்றிவிட்டு அரிசிம்பருப்புச் சோறு சாப்பிடப் போய்விட்டேன். மத்தியானம் திருப்பூரிலிருந்து வந்த ஒருவர் போனைத் தூக்கிக் காட்டிப் பழைய விலையைக் கேட்டிருக்கிறார். மொபைல் காட்சியை அழகாக்குவதற்காகச் சலுகைப் பட்டையைப் போனுக்கென்று தனிப் பெட்டியாக நான் நகல் எடுத்து வைத்திருந்தேன். அது எட்டாவது விலை. கணினித் திரையில் தெரியாது. சித்தப்பா பழைய விலைக்கே கொடுத்து அனுப்பினார். "நாம எழுதி வெச்சுட்டு நாமளே இல்லீனு சொல்ல முடியுமா?"

இழுத்து வைப்பதற்கும் எழுதி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பில்டருக்குப் பக்கம் என்பது ஒரு படம். நாம் போடும் விலை அதற்கு விலையென்று தெரியாது. ஒரு பெட்டிக்குள் இருக்கும் சில எழுத்துகள், அவ்வளவுதான். கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவதுபோல எட்டுப் பலகையில் எட்டு முறை எழுதுகிறோம். சிஎம்எஸ் பேரேடு வைத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் என்று ஒரு பதிவு, அதில் விலை என்று ஒரு கட்டம். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது பேரேட்டைப் பார்த்து அது பக்கத்தை எழுதிக் கொடுக்கிறது. கட்டத்தில் ஒரு முறை திருத்தினால் பலகை எல்லாம் தானே மாறும்.

ஆனால் கருவியின் பெயரை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. வேர்ட்பிரஸை நிறுவிவிட்டு, விலையைப் பத்திக்குள் தட்டி வைத்தால் அதுவும் சாக்பீஸ் பலகைதான். பொருளுக்கென்று தனிப் பதிவு வகையும் விலைக்கென்று தனிக் கட்டமும் வைக்க வேண்டும், அல்லது வூகாமர்ஸ் மாதிரி ஒரு கடை ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) போட வேண்டும். மறுபக்கம், விக்ஸும் வெப்ஃப்ளோவும் இப்போது தங்களுக்குள்ளேயே சிஎம்எஸ் என்ற பெயரில் பேரேடு வசதி வைத்திருக்கின்றன. நான் எடுத்த பில்டரிலும் அது இருந்தது, மெனுவில் கீழே எங்கேயோ. முதல் மாலையின் உற்சாகத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இழுத்து வைப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் காரணம்.

வாசகர் வட்டத்துக்கு வருகிறேன். நானூறு கோப்புகளில் பாதி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்தன. என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றவே பத்து நாள் போனது. பிறகு ஒரு விரிதாளில் தலைப்பு, பேசியவர், நூல், தேதி, உரை என்று நிரப்பி வேர்ட்பிரஸில் ஏற்றினேன். ஒரே இரவில் முடிந்தது. வருஷ வாரியாக, நூல் வாரியாக, பேசியவர் வாரியாகப் பக்கங்கள் தாமாக விரிந்தன. ஒருவர் பெயரைத் தொட்டால் பன்னிரண்டு வருஷத்தில் அவர் பேசியதெல்லாம் வரிசையில் நிற்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பில்டரில் முப்பது கட்டுரையோடு கைவிட்டேன். முகப்பு மட்டும் அங்கே பத்து மடங்கு அழகு.

வேர்ட்பிரஸின் குறையையும் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு வரும் குறை. தலைப்பை வைத்து அது தானாக முகவரி அமைக்கும். ஒரு பேச்சின் தலைப்பு 'கரிசல் நிலக் கதைகளில் மழை'. முகவரியைப் பார்த்தால் 'கரிசல்-நிலக்-கதைகளில்-மழ' என்று முடிகிறது. மழையின் 'ஐ' போய்விட்டது! ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி ஏற்றினேன். மறுபடியும் 'மழ'. காரணத்தைத் தோண்டினேன். முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். தமிழ் எழுத்தை முகவரிக்குள் வைக்கும்போது அது சதவீதக் குறியும் எண்ணுமாக மாறுகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் 9 இடம். புள்ளிக்கு 9, கொம்புக்கு 9, காலுக்கு 9. ஆக மொத்தம் 22 குறியீடுகள்தான் கொள்ளும். இந்தத் தலைப்பில் சரியாக 22 இருந்தன. நடுவில் வரும் மூன்று கோடுகளோடு சேர்த்தால் 201. ஒரே ஒரு இடம் போதாமல் மழை மழயானது. அந்த முகவரியை வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால் திரை முழுக்கச் சதவீதக் குறி. கடைசியில் எல்லா முகவரிகளையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் திருத்தினேன். ஏற்றும்போதே விரிதாளில் அதற்கு ஒரு பத்தி சேர்த்திருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

தேடலும் அப்படித்தான். 'புத்தகம்' என்று தேடினால் 'புத்தகத்தில்' வராது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது; வேற்றுமை உருபெல்லாம் அதற்குத் தெரியாது. தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் 'புத்தக என்று பாதிச் சொல்லாகத் தேடுங்கள்' என்று எழுதி வைத்தேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது, வேலை செய்கிறது.

பராமரிப்பில் வேர்ட்பிரஸ் வீட்டுத் தோட்டம் மாதிரி. ஒரு வாரம் பார்க்காமல் விட்டால் களை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தொகுப்புக்காகப் போட்டிருந்த ப்ளகின் ஒன்று தானாகப் புதுப்பித்துக்கொண்டு தளத்தையே வெள்ளைத் திரையாக்கிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் நிர்வாகிக்கு மீட்பு இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பும் வசதி 2019இலிருந்து இருக்கிறது. அனுப்பியும் இருக்கிறது, ஸ்பேம் பெட்டிக்கு. ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளரில் நுழைந்து அந்த ப்ளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் தளம் எழுந்தது. எனக்கு இது தெரியும். வாசகர் வட்டச் செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் ப்ளகின்களை நான்காகக் குறைத்தேன். வேர்ட்பிரஸுக்குள்ளேயே இழுத்து வைக்கும் வசதி தரும் பேஜ் பில்டர் ப்ளகின்களையும் சோதித்தேன். அவற்றில் ஒரு பழைய ரகம், கழற்றிய பிறகு பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளைச் சிதற விட்டுப் போனது. இரண்டு உலகத்தின் தொல்லையும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் அது நல்ல வழி.

பில்டரில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அங்கே எனக்கு வந்த சண்டை பணம் கட்டுவதில். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து, கார்டில் தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு முன்கூட்டிய ஒப்புதல் பதிவு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. வெளிநாட்டுக் கடைகள் பல அதற்கு ஏற்ப மாறவில்லை. என் பில்டரும் அதில் ஒன்று. சோதனைக்கு மாதச் சந்தா கட்டியிருந்தேன். இரண்டாம் மாதம் கார்டிலிருந்து பணம் போகவில்லை. சித்தப்பாவின் தளத்தின் தலையில் பில்டரின் விளம்பரப் பட்டை உட்கார்ந்துகொண்டது, சொந்த டொமைன் அவிழ்ந்துவிட்டது. ஆதரவுப் பிரிவில் பதில் சொன்னது ஒரு ரோபோ. நான்கு நாள் கழித்து வேறு வங்கியின் கார்டில் ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டித் தீர்த்தேன். ஹோஸ்டிங்காரரும் யோக்கியமில்லை. முதல் வருஷத்துக்குக் காட்டிய விலையைப் போல மூன்று மடங்கு இரண்டாம் வருஷத்துக்கு என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. விலையை ஒப்பிடுகிறவர்கள் இரண்டாம் வருஷத் தொகையை எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

வெளியே போகும் வழியையும் பார்த்தேன். விக்ஸ் தளத்தைக் கழற்றி வேறு இடத்தில் ஓட்ட முடியாது. அதை அவர்களே உதவிப் பக்கத்தில் சொல்கிறார்கள். ஸ்கொயர்ஸ்பேஸ் எழுத்தில் ஒரு பகுதியை வேர்ட்பிரஸ் படிக்கும் கோப்பாகத் தருகிறது. வெப்ஃப்ளோ பணம் கட்டுகிறவர்களுக்குப் பக்கங்களின் நிரலைத் தரும். ஆனால் அதன் பேரேடு அதோடு வராது, அதைத் தனி விரிதாளாக இறக்க வேண்டும். வேர்ட்பிரஸில் தரவுத்தளத்தையும் ஒரு ஃபோல்டரையும் நகலெடுத்தால் வீடே பெயர்ந்து வந்துவிடும். ஈரோட்டிலிருந்து காங்கேயத்துக்குச் செக்கை ஏற்றி வருகிற மாதிரி, பாரமான வேலை, ஆனால் நடக்கிற வேலை. வெளியே போகும் வழி வேண்டும் என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. கூகுள் தன் பிசினஸ் ப்ரொஃபைலோடு சிறுகடைகளுக்கு இலவசமாகக் கொடுத்த தளங்களை 2024 மார்ச்சில் மூடியது. யாஹூ 2009இல் ஜியோசிட்டீஸை மூடியது. வேர்ட்பிரஸ்காரர்கள் இதைச் சொல்லி மார்தட்டும்போது 2024 செப்டம்பரையும் நினைவில் வைக்க வேண்டும். முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மூண்ட தகராறில், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கிலிருந்து ப்ளகின் புதுப்பிப்புகள் வருவது நின்றது. டிசம்பரில் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வாடிக்கையாளர்கள் எழுதி வைத்தது அவர்களிடமேதான் இருந்தது.

வாசகர் வட்டம் வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. செயலாளர் வாரம் ஒரு பதிவு போடுகிறார். புதுப்பிப்பை மாதம் ஒரு நாள் நான் பார்க்கிறேன்.

செக்காலையை பில்டரிலேயே விட்டேன். சித்திக்குப் பிடித்த மஞ்சள், சித்திக்குப் பிடித்த படம். விலையை மட்டும் எட்டு இடத்திலிருந்தும் பிடுங்கி, மெனுவின் அடியில் ஒளிந்திருந்த அந்தப் பேரேட்டில் எண்ணெய்க்கு ஒரு வரியாக எழுதி, 'இன்றைய விலை' என்ற ஒரே பக்கத்தில் காட்டினேன். மற்றப் பக்கங்களில் அதற்கு ஒரு பொத்தான். டொமைனை பில்டரிடம் வாங்காமல் தனியாக, சித்தப்பா பெயரிலும் அவர் போன் நம்பரிலும் பதிந்தேன். எழுத்தும் படங்களும் அவர் வீட்டுக் கணினியில் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. பில்டரின் ஆப்பை அவர் போனில் போட்டு, எந்தக் கட்டத்தைத் தொட வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தேன்.

போன வாரம் நல்லெண்ணெய் விலையை அவரே மாற்றியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை, தற்செயலாகத் திறந்தபோதுதான் பார்த்தேன். கூப்பிட்டு, "நீங்களே மாத்துனீங்களா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"அது ஆச்சு கண்ணு. புண்ணாக்கு வெலைக்கு அதுல வரியே காணமே?"